கூட்டாத பூ

காகுபே நகரின் மகாராணியாகிய அம்மாவுக்கு, எலாடியோ மண்டியிட்டு வணங்குகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? பியூனஸ் அயர்ஸில் ஒரு கட்டடத்தின் ஏழு மாடிகளையும் ஒற்றை ஆளாய்க் கூட்டிப் பெருக்கிக் காவல் காக்கும் நான் கல்லுக்குண்டு போல இருக்கிறேன்.

இங்கே வாசலிலும் நம் வீட்டில் இருப்பது போன்ற லபாச்சோ மரம் ஒன்று இளஞ்சிவப்பாகப் பூத்துவிட்டது. ஆகாய விமானத்தில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்க்கிறார்கள். நம் வீட்டில் விழுந்த பூ தானாக வாடும்வரை துடைப்பத்தைத் தொட விடமாட்டீர்களே! நானும் தங்கை நிமியாவும் மிதிக்காமல் தாண்டித் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போனோம். அந்த நினைப்பில் இங்கே விழுந்த பூக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டட மேலாளர் மிர்த்தா வந்துவிட்டார்.

"யோவ், குப்பையக் கூட்டாம போட்டோவா புடிக்கிற?"

"குப்பைன்னா இப்பவே கூட்டிடுவேன் மேடம். இது பூ."

"சாயங்காலத்துக்குள்ள கூட்டல, நாளைக்கு நீ வேலைக்கு வரவேணாம்!"

துடைப்பம் இருக்கும் அறையைப் பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப்பையில். நிமியாவின் பிள்ளைகளிடம், மாமா ஒரு பேரரசியோடு போரில் இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

நம் மரத்தைப் படமெடுத்து அனுப்ப நிமியாவிடம் சொல்லுங்கள். ஓரமாக நீங்களும் நின்றால் பரவாயில்லை.

மிர்த்தா படியிறங்கும் சத்தம் கேட்கிறது. வேலை போனால் வீட்டுக்கு வருகிறேன். அதுவரை முற்றத்தைக் கூட்டிவிடாதீர்கள்.