பத்தாம் பாகத்தைப் பிரிக்கப் பயமாக இருக்கிறது, மாது

என் உசுருக்கு உசுரான மாதம்மாவுக்கு,

பத்தாம் பாகம் வந்துவிட்டது. ஆமாம் புள்ள, நம் புகையாற்றுக் கதையின் கடைசிப் புத்தகம்தான். கதைக்காரர் ஒன்பதாவதோடு கண்ணை மூடிவிட்டார், இனி நம் கதாநாயகி எயினி அக்கரையிலேயே கிடக்க வேண்டியதுதானா என்று அழுதாயே, அதை வேறொரு அம்மா எழுதி முடித்திருக்கிறார். புத்தகம் கடத்தூருக்கு வந்து நான்கு நாளாகிறது. நம் தையல் கடையில், என் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எனக்கு அதைப் பிரிக்கவே பயம்.

வாசகர்கள் எல்லாருக்கும் பயம்தான். நாம் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். நல்லம்பள்ளி டீச்சரம்மா, "எயினி வேற யாரோ மாதிரி பேசுனா என்னால தாங்க முடியாதுங்க, நான் வாங்கவே மாட்டேன்" என்று குரல் பதிவு போட்டார். மறுநாளே வாங்கிவிட்டார், ஆனால் அட்டையைத் திருப்பவில்லையாம். புது ஆள் எழுத வந்தால் பழைய ஆட்களைக் கொன்றுவிடுவார்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அன்றே குழுவைவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர்களுக்கு எயினி எப்படி இருப்பாளோ என்றுதான் பயம். என் பயம் வேறு. நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், மாது.

வயிற்றுக் கட்டியை அறுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி மூன்று வாரம் நீ கையெழுத்துப் போடவில்லை. உன் வீட்டுக்காரர் கெஞ்சினார், உன் மகள் தீபிகா அழுதாள். நீயா மசிவாய்? நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "எயினி அக்கரைக்குப் போனாளே, திரும்பி வர்றாளாடி? அது தெரியாமயே போயிருவனோன்னு இருக்குது நூரு." நான் என்ன செய்வேன்? "வர்றா. அவரு எழுதி வெச்ச குறிப்பு ஒன்னு கெடச்சிருக்குதாம், குழுவுல போட்டாங்க, நானே படிச்சேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன். குறிப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. "அவ வந்துட்டான்னா நானும் வூட்டுக்கு வந்துருவேன்" என்று சிரித்தாய். உடனே பேனாவைக் கேட்டாய்.

நீ வரவில்லை.

டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் உன்னை உள்ளே அனுப்பியது என் வாய்தானே? அறுக்காமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாயோ? படைத்தவனிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். மனுஷருக்குச் செய்த தப்பை அந்த மனுஷர்தான் மன்னிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் எங்கே வந்து உன்னைக் கேட்பேன்?

நம் பழக்கம் ஞாபகம் இருக்கிறதா? நீ சத்தமாகப் படிப்பாய், நான் மெஷின் மிதித்துக்கொண்டே கேட்பேன். நீ முடிவை எட்டிப் பார்க்கிற ஆள் என்பதால், புத்தகம் வந்ததும் கடைசி அத்தியாயத்தை ஊசி நூலால் தைத்து மூடிவிடுவேன். ஏழாம் பாகத்தில் தையலுக்கு நடுவே விரலைவிட்டுப் பார்த்துவிட்டு, அரசன் சாகப் போவதைத் தெரியாதவள் மாதிரி படித்தாயே. உன் குரலே காட்டிக் கொடுத்துவிட்டது, திருடி.

இந்தத் தடவையும் தைத்தேன். இரட்டை நூலில், நெருக்கி நெருக்கி. ரவிக்கைக்குக்கூட அவ்வளவு கெட்டியாகத் தைத்ததில்லை.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு தீபிகா கடைக்கு வந்தாள். பன்னிரண்டாவது படிக்கிறாள், உன் உயரம் வந்துவிட்டாள். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "எயினி வந்துருவான்னு அம்மா சொன்னாங்க" என்றாள். அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். பிறகு தையலைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அம்மாதான் எட்டிப் பாப்பாங்க. இப்ப யாருக்காகத் தெச்சு வெச்சிருக்கற சித்தி?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மெஷினைப் பார்த்துக்கொண்டே. பொம்மிடி பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகிறவரைக்கும் அவள் அந்தத் தையலையே நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப நான்தான் அம்மா கையப் புடிச்சிருந்தேன்" என்றாள். "ஐஸாட்டம் இருந்துச்சு. நூரு சொன்னாளே, நூரு சொன்னாளேன்னு முணுமுணுத்துக்கிட்டே போனாங்க. எனக்கு அந்த மாதிரி எதுவும் சொல்லாத சித்தி. என்ன எழுதியிருக்குதோ அதயே படி."

கோபமா, இல்லையா? அந்தக் குரலில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படிக்கப் போகிறோம். எயினியை உன்னைப் போல நம் ஊர்ப் பேச்சில் பேசவைக்க எனக்கு வராது. அந்தப் புது அம்மா அவளை எப்படிப் பேச வைத்திருக்கிறாரோ, என்ன செய்து வைத்திருக்கிறாரோ. பாவம், அவருக்கும் எழுதும்போது குலை நடுங்கியிருக்கும்.

மாது, ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன், ஒரு பக்கத்தையும் தாண்ட மாட்டேன். எயினி செத்துப்போயிருந்தால் அதை உன் மகள் முகத்தைப் பார்த்தே படிப்பேன். திரும்பி வந்திருந்தால், அவள் வந்தாளே, எங்கம்மா ஏன் வரவில்லை என்று தீபிகா கேட்பாள். தெரியாது என்று சொல்வேன். சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் மகளுக்குச் சித்தி, அதனால் உனக்குத் தங்கச்சி,
நூர்ஜஹான்