வானத்து விசிலும் கடம்பத்தூர் சம்பந்தமும்

பெரியபாளையம்,
18-9-1978.

அன்பு மகள் செல்விக்குச் சித்தப்பா அருணாச்சலம் ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி கோவிந்தம்மாவும் நம் மைக்செட் சாமான்களும் பவானியம்மன் புண்ணியத்தில் சுகம், ஆமதாபாத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும், அந்த ஊர்ப் பருப்பில் வெல்லம் போடுகிறார்களாமே, பார்த்துச் சாப்பிடு. ஆடித் திருவிழா முழுக்க நம் குழாய் ஸ்பீக்கர்தான், ஆந்திராவில் இருப்பவன்கூட அங்கிருந்தே கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டானாம்.

முக்கியச் சேதி, கடம்பத்தூரிலிருந்து உன்னைப் பெண் கேட்டு அம்மாவும் பையனுமாக வந்தார்கள். பையன் பெயர் மணவாளன், கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். அவர் அம்மா கெங்கம்மாள் உன் ஆராய்ச்சி வேலையைப் பற்றிக் கேட்டதும் நான் விடுவேனா, நீ எழுதியதை அப்படியே எடுத்துவிட்டேன். எங்கோ மின்னல் அடித்தால் அதன் அலை பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, வளைந்து, உலகத்தின் அந்தப் பக்கம் போய் இறங்குகிறது, வழியில் சுற்றும் செயற்கைக்கோள் அதைப் பிடித்து அனுப்புகிறது, டேப்பில் போட்டால் உச்சியிலிருந்து இறங்கும் விசில் மாதிரி இருக்கிறது, விடியல் பக்கத்தில் குருவிக் கூட்டம் கத்துவது மாதிரி வேறொரு அலை கேட்கிறது என்று எல்லாம் சொல்லி, அந்தச் செயற்கைக்கோளே எங்கள் செல்வியைக் கேட்டுத்தான் திரும்பும் என்றும் சேர்த்தேன். அந்த அம்மா காதில் விழுந்தது விசில் ஒன்றுதான். "இன்னாண்ணே, டூரிங் டாக்கீஸ்ல தரை டிக்கெட்டுங்க அடிக்கிற விசிலா? அதக் கேக்கறதுக்கு ஒரு பொண்ணு அம்மாந்தூரம் போய் குந்திக்கினு இருக்குதா? வேலைய உட்டுட்டு வரச் சொல்லு, முகூர்த்தம் வெப்போம்" என்றாள்.

வேலையை விடச் சொல்கிற இடம் வேண்டவே வேண்டாம் என்று நீ எழுதியது எனக்கு மறக்கவில்லை. பையனோ தங்கம், அவரையும் விட மனசில்லை. காதால் கேட்டுவிட்டால் அந்த அம்மா அடங்கிவிடுவாள் என்று அவர்களை அங்கேயே உட்கார வைத்துவிட்டு, நம் கொல்லையிலிருந்து ஏரிக்கரை வரை கம்பி இழுத்து ஆம்ப்ளிபயரில் மாட்டினேன். போட்டதும் ம்ம்ம் என்று ஒரே முழக்கம், இதுதான் ஆகாயத்தின் ஓங்காரம் என்றேன், கெங்கம்மாள் கைகூடக் கூப்பிவிட்டாள். மணவாளன்தான் சிரித்துக்கொண்டே, "மாமா, இது நம்ம ஊரு கரண்டு பாடுது. கரண்டு போவட்டும், பேட்டரில போட்டுப் பாப்போம்" என்றார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். வழக்கம்போல் சாயங்காலம் கரண்டு போனது, போட்டோம். முழக்கம் அடங்கிப் பொரி வறுக்கிற மாதிரி சடசட என்று ஒரு சத்தம் பார், வானத்தில் ஒரு மேகம் இல்லை, எங்கேயோ ஆயிரம் மைலுக்கு அப்பால் அடிக்கிற மின்னலெல்லாம் நம் கொல்லையில் வந்து பொரிகிறது, எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. விசில் மட்டும் வரவில்லை. புது மனுஷர்களைப் பார்த்துக் கூச்சப்படுகிறது என்றேன்.

"பாத்தியாடா, விசிலும் இல்ல ஒண்ணும் இல்ல, அந்தப் பொண்ணு வந்து குடும்பம் நடத்தட்டும்" என்று கெங்கம்மாள் எழுந்துவிட்டாள். மணவாளன் ஸ்பீக்கரிலிருந்து காதை எடுக்காமலே, "மின்னல் கேக்குது, விசில் ஏன் இங்க கேக்கல? இத அவங்களதான் கேக்கணும். அவங்க வேலைய உட்டுட்டு வந்துட்டா யாரும்மா பதில் சொல்லுவா? ஆமதாபாத்லயும் மில்லுங்க இருக்குது, எனக்கு அங்க வேல கெடைக்காதா?" என்றார். அந்த அம்மா போகும்போது உன் சித்தியிடம் மெதுவாக, "பொண்ணுக்கு லீவு எப்பன்னு கேளு" என்றாள்.

பையனின் விலாசம் பின்பக்கம் இருக்கிறது, பிடித்திருந்தால் பதிலை நீயே அவருக்கு எழுது. தீர்க்காயுசாக, நினைத்த வேலையும் நல்ல துணையுமாக இரு தாயே. ஒன்று மட்டும் மறக்காதே, அவருக்கு எழுதுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுது, விசில் ஏன் இங்கே வரவில்லை என்பது எனக்குத் தெரியும், செல்வி வாயால் சொல்லட்டும் என்றுதான் இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
மைக்செட் அருணாச்சலம்