ரதியின் கை

பெப்ரவரி 13, வெள்ளி

நல்ல வெயில். ரப்பர் இலை கொட்டுகிற காலம், தோட்டத்துப் பழைய தேயிலை பெக்டரிக்குள் எல்லாம் சருகு. சப்பாத்துச் சக்கரத்தில் ஒன்று மாட்டினாலும் பல்லு போய்விடும். கூட்டி முடித்தேன். பக்கத்து வீட்டு ஷாலினி வந்தது அதற்குப் பிறகு. எப்போதும் அப்படித்தான். கேட்டால் சிரிப்பாள், எனக்குக் கோபம் போய்விடும்.

மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போன பிறகு ரோலர் ரூம் தரைதான் எங்கள் மைதானம். வழுவழு சிமெந்து. ஐஸில் ஆடுகிறவர்கள் செய்வதையெல்லாம் நாங்கள் சக்கரச் சப்பாத்தில் செய்கிறோம். அதே தாவல், அதே சுழற்சி. புள்ளியும் அதே மாதிரி, தாவலுக்குத் தனி, ஆட்டத்துக்குத் தனி. விழுந்தால் மட்டும் ஐஸைவிட மோசம் என்று நினைக்கிறேன். ஐஸில் விழுந்து பார்த்ததில்லை.

22ஆம் தேதி கேகாலையில் தெரிவுப் போட்டி. எங்களைப் பழக்குகிற நுவன் சாரின் கிளப்பிலிருந்து கொழும்புக்கு ஒரே ஆள். டவுன் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஆனால் சார் வாயாலேயே சொல்லிவிட்டார், எங்கள் இரண்டு பேரில் ஒருத்திதான் என்று.

ஷா. தாவுவாள். பயமே கிடையாது. ஆடத்தான் வராது, கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கும். எனக்குக் கை வரும், டபுள் வராது, காற்றில் இரண்டு சுற்று சுற்றி இறங்குவது. அதனால்தான் கிறிஸ்மஸ் லீவில் ஒப்பந்தம் போட்டோம். அவளுக்கு ஆட்டம் அமைப்பது நான். எனக்கு டபுள் சொல்லித் தருவது அவள். யார் போனாலும் சந்தோஷம். சூடம் அணைத்துச் சத்தியமெல்லாம் இல்லை. மீன் வைத்த ஒரு மாலு பணிஸைப் பாதியாகப் பிய்த்துத் தின்றோம், அவ்வளவுதான்.

ஆட்டம் எங்கள் அப்பாவிடமிருந்து எடுத்தது. காமன் கூத்தில் மாசிக்கு மாசி அப்பாதான் ரதி. மதன் எரிந்ததும் ரதி அழுகிற கட்டத்தில் கை இரண்டும் நெஞ்சோடு ஒட்டி இருக்கும், பிறகு மெதுவாக விரியும். பார்த்துக்கொண்டிருக்கிற பெண்கள் முந்தானையை எடுத்துவிடுவார்கள். அதைச் சக்கரத்தில் ஏற்றினேன்.

இன்று ஒரே தமாஷ். போன வருஷம் கூத்தில் போனில் பதிந்த தப்பு மேளத்து அடியை ஸ்பீக்கரில் போட்டோம். ரதி அழுகிற அடி, மெதுவானது. கொஞ்ச நேரத்தில் மேல் லயத்திலிருந்து சனம் ஓடி வருகிறது. கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ராக்கம்மா அக்கா முன்னால். "யாருடி போயிட்டாங்க? சாவு மேளம் கேக்குதே!" ஷா. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாட்டு என்னுடையது என்பதால் ஏச்சும் எனக்கு.

பெப்ரவரி 15, ஞாயிறு

காலையில் பனி, பிறகு புழுக்கம். சார் வந்தார்.

டபுள் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். விழவில்லை! "எப்படிடி?" என்றேன். ஷா., "சூப்பர்டி கலா. எறங்கயில கையத் தொறக்கிற பாரு, அதான் அழகு. அத மட்டும் மாத்திடாத." சாரைப் பார்த்தேன். "ஹொந்தாய், ஹொந்தாய்" என்றார். நல்லதாம். இதையெல்லாம் ஷா. என் போனில் வீடியோ எடுத்துக் கொடுத்தாள்.

வாங்க: பிளாஸ்டர், சக்கரத்துக்கு எண்ணெய், அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை.

ஷா.வின் கை இன்று முதல் தடவையாக விரிந்தது. நெஞ்சிலிருந்து, மெதுவாக. எனக்கே பொறாமை. பொறாமை என்றா எழுதினேன்? பெருமை. இரண்டும்.

பெப்ரவரி 19, வியாழன்

காமன் ஊன்றியாயிற்று. அப்பா காப்புக் கட்டிவிட்டார். இனி மதன் எழும்பும்வரை தோட்டத்து எல்லை தாண்டக் கூடாது. அப்படியென்றால் கேகாலைக்கு வர முடியாது. அம்மாவுக்கும் அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் பேர் போட்டுவிட்டார்கள், மலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

"வந்து நான் என்னத்தப் பாக்கப் போறேன்? என் கையத்தான நீ கொண்டு போற" என்றார் அப்பா. தாடையைச் சிரைத்துவிட்டு வழவழவென்று இருந்தார். சிரிப்பு வந்தது.

பெப்ரவரி 22, ஞாயிறு

முடிந்தது.

ஷா. முதலில். தப்பு அடி கேட்டதும் அந்த மண்டபமே திரும்பிப் பார்த்தது. இரண்டு டபுள், இரண்டும் சுத்தம். பிறகு ரதி. கை விரிந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் ஒரு சிங்கள அம்மாவுக்கும். நான் அவளைத் தட்டி, "அது எங்க அப்பாட கை" என்று சொல்லப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

பிறகு நான். விழவில்லை. டபுள் போட்டேன், கை திறந்தேன், இறங்கினேன், கைதட்டல்.

புள்ளி வந்தது. என் டபுளுக்குச் சிங்கிள் கணக்கு.

கொழும்பிலிருந்து வந்த நடுவர் மிஸ், வயதானவர், நல்லவர். கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார். நான் காற்றிலேயே கையைத் திறந்துவிடுகிறேனாம். திறந்தால் சுற்று நின்றுவிடுமாம். மிச்சச் சுற்றைத் தரையில் சுற்றி முடிக்கிறேனாம். "ஆட்டப் புள்ளி உனக்குத்தான் மகள் கூட. ஆனால் இதை யாரும் உனக்குச் சொல்லலையா?"

இல்லை என்றேன். திரும்பிப் பார்த்தேன். ஷா. குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கனவே கட்டியிருந்த நாடா.

கொழும்புக்கு ஷாலினி. பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம். புளத்கொகுபிட்டிய வரை அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள்.

பெப்ரவரி 23, திங்கள்

வேலைக்குப் போனேன், கடையில் கூட்டம். பாடசாலைப் பேப்பர் போட்டோகொப்பி, ஒரே சூடு. மத்தியானம் முதலாளி பாரூக் நானா தொழப் போனதும் ஷா. எடுத்த அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மெதுவாக ஓடவிட்டேன். ஆமாம், காற்றிலேயே திறக்கிறேன். கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.

பிறகு சத்தத்தைக் கூட்டி, இயர்போனில். தப்பு அடிக்குப் பின்னால் ஷா.வின் குரல், சிங்களத்தில், மெதுவாக: "சார், கையை முன்னாடியே திறக்கிறாள். சொல்லட்டுமா?"

சார்: "தென் எபா. பஸ்ஸே."

அதாவது, இப்போ வேண்டாம். பிறகு.

கொஞ்ச நேரம் தப்பு மட்டும். பிறகு அவள் குரல், சத்தமாக, தமிழில், எனக்கு: "சூப்பர்டி கலா!"

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதற்குள் அவள் யோசித்திருக்கிறாள். யோசித்து, பிறகு சூப்பர் என்றிருக்கிறாள். யோசிக்காமல் செய்திருந்தால்கூட மன்னிப்பேன்.

நானா வந்து, "மகள், மூஞ்சி என்ன இப்படி? டோனர் முடிஞ்சா?" என்றார். ஆமா என்றேன்.

பின்னேரம் சாருக்குக் கோல் எடுத்தேன். மறுக்கவே இல்லை. அவருடைய உடைந்த தமிழில், தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி, "நங்கி, நீ பாதி, அவ பாதி. எனக்கு ஒரு முழு ஆள் வேணும். அடுத்த வருஷம் உனக்குப் பாப்போம்" என்றார். என்னைப் பிய்த்து அவளுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார். இதை இவ்வளவு நல்ல குரலில் ஒரு மனுஷன் சொல்ல முடியுமா?

கோபமெல்லாம் ஷா. மீதுதான். சார்மீது அரைவாசிகூட இல்லை. அவர் வெளி ஆள். அவள் என் பக்கத்துக் காம்பரா, ஒரே சுவர்.

பெப்ரவரி 26, வியாழன்

மழை தூறல். ஜங்ஷனில் பேனர் கட்டிவிட்டார்கள். ஷா. முகம், கீழே "எமது தோட்டத்தின் நட்சத்திரம்". படத்தில் கை ரதி மாதிரி விரிந்திருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிற நேரமெல்லாம் அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அம்மா: "போயி ஒரு வார்த்த வாழ்த்திட்டு வாடி. ஒரே லயத்துல இருந்துக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா சனம் என்ன சொல்லும்? பொறாமன்னுதான் சொல்லும்."

சொல்லட்டும்.

சாயங்காலம் அவளே வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. கொழும்பில் இன்னும் அதிக நேரம் ஆட வேண்டுமாம். அழுகையோடு நின்றால் போதாதாம். "அதுக்குப் பொறவு உள்ளதும் வச்சிருப்பியே கலா. மதன் எழும்புறது. அதையும் தாயேன்."

வைத்திருக்கிறேன். எனக்காக அமைத்தது. ஒரே இடத்தில் மட்டும் நிரம்பவில்லை. மதன் எழும்புகிற இடத்தில் டபுள் வர வேண்டும், எனக்கு அது ஒட்டவே இல்லை. ஏன் ஒட்டவில்லை என்று இப்போதுதானே தெரிகிறது.

"வீடியோவக் கேட்டேன்டி" என்றேன்.

முகம் வெளுத்தது. "சார் சொன்னாருடி. மீறிச் சொல்லியிருந்தா என்னையும் நிறுத்திருப்பாரு."

"மாலு பணிஸ் தின்னயில சார் இருந்தாரா?"

போய்விட்டாள். செருப்பை விட்டுவிட்டுப் போனாள். அம்மா எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மார்ச் 4, புதன்

நேற்று காமன் எரிந்தது. அப்பாவுக்குக் குரல் இல்லை. கசாயம் குடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு மிச்சத்தையும் குடுத்துரு. நம்ம தோட்டத்துப் பேரு" என்றார். காப்புக் கையோடு இருக்கிற மனுஷனிடம் இதையெல்லாம் கொட்ட மனம் வரவில்லை. சரிப்பா என்றேன்.

மார்ச் 5, வியாழன்

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பெக்டரிக்கு. ஷா. அங்கே இருந்தாள். அதிசயம், கூட்டி வைத்திருந்தாள்.

"மொதல்ல நீ சொல்லு. டபுள்ல நான் என்ன செய்யணும்?" என்றேன்.

உடனே சொன்னாள். யோசிக்கவே இல்லை, மனப்பாடம் மாதிரி. "சக்கரம் தரைய தொடுற வரைக்கும் கையத் தொறக்காத. நெஞ்சோட பூட்டிக்க."

அவ்வளவுதான். அழுகிற ரதியின் கை. அவளுக்கு நானே சொல்லிக் கொடுத்த கை.

போட்டேன். முதல் தடவையே தெரிந்தது, சக்கரம் இறங்கிய சத்தமே வேறு. இரண்டு சுற்றும் முழுசாக.

ஷா. கைதட்டினாள். பழைய மாதிரி, துள்ளித் துள்ளி, நிஜமான சந்தோஷத்தோடு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வரி. இத்தனை நாளும் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு என்னோடு சிரித்திருக்கிறாள், என் தோளில் தூங்கியிருக்கிறாள்.

"இப்ப நீ" என்றாள்.

"நாளைக்கு வா. மடுவத்துல கொழுந்து நிறுத்து முடிஞ்ச பிறகு" என்றேன். மூத்திரம் முட்டுகிறவள் மாதிரி வெளியே ஓடினேன். அழுதது பெக்டரிக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில்.

மார்ச் 6, வெள்ளி

மதன் எழும்புகிற நாள். மழை விட்டிருந்தது. கோவிலில் அப்பாவுக்குக் காப்பு அவிழ்த்தார்கள். நான் நிற்கவில்லை, மத்தியானமே பெக்டரிக்கு வந்துவிட்டேன். ஷா. வர இன்னும் நேரம் இருந்தது. ஒரு சுற்று தனியாக ஆடிப் பார்ப்போம் என்று தப்பு அடியைப் போட்டேன், சத்தமாக.

அழுகை. கை நெஞ்சோடு. அப்படியே பின்பக்கமாக ஓடி, கையை அவிழ்க்காமல் மேலே. இரண்டு சுற்று. சக்கரம் தரையைத் தொட்டதும் கை விரிந்தது. மதன் எழும்பிவிட்டான். தாவல் வேறு, ஆட்டம் வேறு என்று இனி எவன் பிரித்துப் புள்ளி போடுவான்? மூச்சு வாங்க நின்றேன். சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். கொடுக்க மாட்டேன். அப்பா ஏசட்டும், சனம் பொறாமை என்று சொல்லட்டும். இது என்னுடையது. ஷா. வந்தால் நேரே சொல்லிவிடுவது.

தப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அடிக்கு இன்று லயத்திலிருந்து ஒருத்தரும் ஓடி வரவில்லை. ரோட்டில் ஆட்கள் மடுவத்துக்குக் கொழுந்தோடு போகிற சத்தம். ராக்கம்மா அக்காவின் குரல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம், எட்டிக்கூடப் பார்க்காமல்:

"ஷாலினி புள்ள! நல்லா ஆடுடி! கொழும்புல ஜெயிச்சுட்டு வந்துரு!"

"சரிக்கா" என்றேன்.