கம்பு வைத்திருந்த பெண்

வெள்ளி, இரவு.

பெங்களூர் ஆபீஸில் ட்ரோன் வீடியோக்களில் தெரியும் மனிதர்களைச் சுற்றிக் கட்டம் போடுவது என் வேலை. அதைப் பார்த்துத்தான் ராணுவ ட்ரோன்கள் யாரைச் சுடுவது என்று கற்றுக்கொள்கின்றன. வெப்பக் கேமராவில் எல்லோரும் முகமில்லாத வெள்ளை வெளிச்சமாக மிதப்பார்கள்.

இன்று மொட்டை மாடியில் ஒரு பெண் நீளமான கம்பால் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்தாள். திரை வெளுத்தது. வெளிச்சம் அடங்கியபோது மாடியே இல்லை.

'ஆயுதம் இல்லை' என்று குறித்தேன். டீம் லீடர் அதை 'ஆயுதம்' என்று மாற்றினார்.

"சார், அது துணி போடுற கம்பு."

"சந்தேகம்னா ஆயுதம்தாம்மா. செத்தவங்க வந்து கேக்கவா போறாங்க?"

அவர் டீ குடிக்கப் போனதும் பழையபடி மாற்றிவிட்டேன்.

வேலை முடிந்து ஏறிய ரயில் ஊரை நெருங்கும்போது, நிலா வெளிச்சத்தில் பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேடு தரையை விட்டு எழும்பி மேகமாக நின்றது. எதிர் சீட்டில் தூங்கியவர்கள் உள்ளுக்குள் மெல்ல ஒளிர்வதுபோல் இருந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"கண்டுபுடிச்சா வேல போயிடுமே, இன்னா பண்ணுவ?"

"தெரியலங்க. அவ துணிதாங்க போட்டா."

தட்டில் சோறு போட்டு என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அந்தப் பொண்ணு பேரு இன்னாவா இருக்கும்?" என்றார்.

ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்க்கிறேன். கண் சொக்குகிறது.