மூன்று மில்லிமீட்டர் சேறு

5 பிப்ரவரி 1979, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து, வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். ஜெபம்கூட அப்புறம்தான். மூன்று வாரமாக இதே பழக்கம். இன்று பால் ஊற்றிய தேநீர் நிறம். நேற்று மாலை மழை.

தேதியோடு எழுதி வைக்கிறேன், பின்னால் கடிதம் எழுத உதவும். ஓடைக்கு மேலே லிம் தவுக்கே, சீன முதலாளி, டிசம்பரில் மலைச்சரிவை மொட்டையடித்துக் காய்கறி போட்டார். மழை பெய்தால் அந்தச் சரிவு கரைந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கும் பள்ளித் தொட்டிக்கும் வந்துவிடுகிறது.

பள்ளியைக் கூட்டித் தண்ணீர் நிரப்பும் மணியம்மா சொன்னாள்: "இதுல தோச்சா வெள்ளச் சட்டையெல்லாம் காக்கியாயிருது டீச்சர். பேசாம எல்லாப் பிள்ளையையும் போலீஸ்ல சேத்துரலாம்லா."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. இரண்டாம் வகுப்பில் இன்றும் நாலு பேர் வயிற்றுப்போக்கு.

9 பிப்ரவரி, வெள்ளி

கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். செப்டம்பர் கடைசிக்குள் தண்ணீர் சரியாகாவிட்டால் பள்ளியை மூடி, ஐம்பத்திரண்டு பிள்ளைகளையும் தானா ராத்தா டவுன் பள்ளிக்கு அனுப்ப எழுதிவிடுவாராம். எதில் போவார்கள் என்று கேட்டேன். "லாரி ஏற்பாடு பண்ணலாம்." இந்த மலை வளைவுகளில், ஏழு வயதுப் பிள்ளைகள், லாரியில். சரி சார் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து லியோவிடம் கத்தினேன். பதினாறு வருசமா நடக்கிற பள்ளிக்கூடம்! ஒரு ஓடைக்காக மூடிருவாங்களாமே!

லியோனார்ட், தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி, என் கணவர், முட்டைக்கோசுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நீ லெட்டர் எழுதுமா. உன் லெட்டருக்குப் பயந்துதானே எங்கப்பா நம்ம கல்யாணத்துக்கே ஒத்துக்கிட்டார்" என்றார்.

இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று கோலாலம்பூருக்கு, மாசு பார்க்கும் கூட்டரசு அலுவலகத்துக்கு. இன்னொன்று குவாந்தானுக்கு, நிலம் பார்க்கும் மாநில அலுவலகத்துக்கு.

13 மார்ச், செவ்வாய்

இரண்டு பதிலும் ஒரே நாளில் வந்தன.

கோலாலம்பூர்: மலை, மண், ஓடை எல்லாம் மாநில அதிகாரத்தில் உள்ளவை, குவாந்தானை அணுகவும். குவாந்தான்: மாசு என்பது கூட்டரசுச் சட்டத்தில் உள்ளது, கோலாலம்பூரை அணுகவும்.

இரண்டும் மரியாதையான கடிதங்கள். இரண்டிலும் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல். எந்த அதிகாரம் எந்தப் பட்டியலில் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்கியவள் நான். சேறு இரண்டு பட்டியலுக்கும் நடுவில் இறங்கி வரும் என்று யாரும் அப்போது சொல்லவில்லை.

இனி வெறும் புலம்பல் போதாது, அளவு வேண்டும். ஐந்தாம் வகுப்பிடம் பழைய சிரப் போத்தல்கள் கொண்டுவரச் சொன்னேன். இருபத்தேழு வந்தன. இந்தத் தோட்டம் இத்தனை சிரப் குடிக்கிறதா!

4 ஏப்ரல், புதன்

திங்கள்தோறும் மூன்று போத்தல். ஒன்று லிம் காட்டுக்கு மேலே, ஒன்று பாலத்தடியில், ஒன்று பள்ளித் தொட்டியில் தண்ணீர் விழும் இடத்தில். ஜன்னலில் வரிசையாக நிறுத்திவிடுவோம். மத்தியான மணிக்குள் சேறு அடியில் படிந்துவிடும். பிள்ளைகள் அடிக்கோல் வைத்து அளக்கிறார்கள்.

இந்த வாரம்: மேலே 1 மில்லிமீட்டர். பாலத்தில் 11. தொட்டியில் 14.

லிம் காடு தாண்டியதும் பத்து கூடுகிறது. அது நமக்கு வேண்டிய கணக்கு. ஆனால் பாலத்துக்குக் கீழே ஏன் இன்னும் மூன்று?

"போத்தலை அடியில முட்டி அள்ளுறியா மணியம்மா?"

"நான் அள்ளுறதுல குறை சொல்லாதீங்க டீச்சர். எங்கூட்டுக்காரர் அள்ளிக் குடிக்கிற மாதிரியா நான் அள்ளுறேன்? பூப் பறிக்கிற மாதிரி அள்ளுறேன்."

அப்படியானால் பிள்ளைகள் அளப்பதில் தவறு இருக்கும்.

30 ஏப்ரல், திங்கள்

மறுபடி இரண்டு கடிதம், போத்தல் கணக்கோடு. கோலாலம்பூரிடம், குவாந்தான் கைவிட்டுவிட்டது, நீங்களே வந்து அந்தச் சரிவையும் அதன் உரிமத்தையும் பாருங்கள் என்று எழுதினேன். குவாந்தானிடம், கோலாலம்பூர் கைவிட்டுவிட்டது, நீங்களே வந்து தண்ணீரைச் சோதியுங்கள் என்று. தானா ராத்தா தபால் நிலையத்தில் நின்று ஒட்டும்போது வெளியே லியோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். கோசுக்குப் புது உரம் வாங்கணுமாம், கடை மூடிவிடுமாம். ஆகஸ்டில் தானா ராத்தா காய்கறிக் கண்காட்சி. போன வருடம் இரண்டாம் பரிசு. அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

22 மே, செவ்வாய்

ஐயோ. உறை மாறிவிட்டது. கோலாலம்பூர் கடிதம் குவாந்தானுக்கும், குவாந்தான் கடிதம் கோலாலம்பூருக்கும் போயிருக்கிறது. அந்த ஹார்ன்!

ஆனால் பதில்கள்?

குவாந்தான்: "கோலாலம்பூருக்கு எழுதிய தங்கள் கடிதம் எமக்குக் கிடைத்தது. நிலமும் உரிமமும் மாநில அதிகாரத்தைச் சேர்ந்தவை. பிற அலுவலகம் அதில் நுழைய அவசியமில்லை. எமது அதிகாரி நேரில் வருவார்."

கோலாலம்பூர்: "நீர் மாசை அளப்பது எமது பணி. பிற அலுவலகம் அதைச் செய்ய அவசியமில்லை. எமது அதிகாரி நேரில் வருவார்."

மூன்று முறை படித்தேன். உதவி கேட்டபோது வராதவர்கள், அடுத்த வீட்டில் உதவி கேட்டது தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள். லியோ சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இதுக்குப் பரிசு எனக்குத்தான். ஹார்ன் அடிச்சது நான்."

7 ஜூன், வியாழன்

இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே தேதி கொடுத்தேன். 28. இந்தத் தடவை உறைகளை நானே இருமுறை பார்த்து ஒட்டினேன்.

28 ஜூன், வியாழன்

வந்தார்கள். குவாந்தானிலிருந்து என்சே ரம்லி என்ற மலாய் அதிகாரி, ஐம்பது வயதிருக்கும், கையில் குடை. கோலாலம்பூரிலிருந்து நாகரத்தினம் என்ற இளைஞர், கண்ணாடிக் குழாய்கள் அடுக்கிய பெட்டியோடு. பாலத்தில் சந்தித்துக் கை குலுக்கினார்கள். ஒருவர் இன்னொருவரை எதிர்பார்க்கவில்லை என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது. நான் ஓடையைப் பார்த்துக்கொண்டேன்.

சரிவு எங்களுடையது என்றார் ரம்லி மலாயில். தண்ணீரில் கலந்துவிட்டால் எங்களுடையது என்றார் நாகரத்தினம். ஓடையும் எங்களுடையதுதான் என்றார் ரம்லி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நாகரத்தினம் சொன்னார்: "அப்ப தண்ணி உங்களுது. அதுல இருக்கிற அழுக்கு எங்களுது." இருவரும் ஏதோ ஒப்பந்தம் முடிந்ததுபோல் தலையாட்டினார்கள்.

நாகரத்தினம் அதையே எல்லாருக்கும் தமிழில் விளக்க, பக்கத்தில் நின்ற மணியம்மா விடவில்லை. "அப்ப நீங்க அழுக்க எடுத்துக்கிட்டுப் போங்கய்யா. அவரு தண்ணிய இங்க விட்டுட்டுப் போகட்டும்."

பள்ளியில் ஆளுக்கொரு கண்ணாடிக் குவளை வைத்தாள். நாகரத்தினம் ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ ரொம்ப லைட்டா இருக்கும்மா" என்றார்.

"இன்னும் தூளு போடலய்யா. வெறும் சுடுதண்ணி அது."

நான் மலாயில் மாற்றிச் சொன்னேன். முதலில் சிரித்தது ரம்லிதான். நாகரத்தினம் குவளையை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. ஒன்றாம் வகுப்பு பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க, இருவரும் ஒரே தாளில் எழுதினார்கள். ஓடைக்கரையில் இருபது அடி புல் விட்டு, மண் தேங்கக் குழிகள் வெட்டினால்தான் லிம்முக்கு மாநிலம் உரிமத்தைப் புதுப்பிக்கும். தண்ணீரைக் கூட்டரசு அளக்கும். ஆகஸ்ட் 20 இருவரும் திரும்ப வருவார்கள், இன்ஸ்பெக்டரும் கூட. பள்ளித் தொட்டியில் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் மிச்சத்தைப் புதிதாக வைக்கும் ஒரு மணல் வடிகட்டி பார்த்துக்கொள்ளும், பள்ளி இங்கேயே இருக்கும்.

ஜன்னலில் இருந்த போத்தல்களைப் பார்த்து, இதை யார் செய்தது என்று ரம்லி கேட்டார். ஐந்தாம் வகுப்பு முழுக்க எழுந்து நின்றது.

30 ஜூலை, திங்கள்

லிம் தவுக்கே குழி வெட்டிப் புல்லும் பதித்துவிட்டார். பார்க்கப் போனேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். ஒரு கட்டுக் கீரையைக் கையில் திணித்து, டீச்சரை மலாயில் அழைக்கும் மரியாதையோடு சொன்னார்: "முதல்லயே சொல்லியிருக்கலாமே சிக்கு. எங்கிட்ட யாரும் வரவே இல்லை."

உண்மை. இரண்டு தலைநகரத்துக்கு எழுதினேன். அரை மைல் ஏறி இவரிடம் வரவில்லை. ஏன் வரவில்லை? இவர்தான் குற்றவாளி என்று தீர்மானித்தாகிவிட்டது. தீர்ப்பு எழுதியபின் யார் போய்ப் பேசுவார்கள்? என் பக்கமே நியாயம் என்று இருப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. அது நல்ல ருசி இல்லை.

மேலே 1. பாலத்தில் 2. தொட்டியில் 5! பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்துக் கொழுந்துக் காட்டிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இன்னும் அந்த மூன்று.

13 ஆகஸ்ட், திங்கள்

விடியற்காலை நல்ல மழை. மேலே 2, பாலத்தில் 4, தொட்டியில் 7. ஏழு! வேளை பார்த்தா ஏறணும்?

மழையிலேயே குடையோடு பாலத்திலிருந்து ஓடையோரமாக நானே இறங்கி வந்திருந்தேன். லயம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பெரிய கிராணி வீடு. வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் விளிம்பு வரைக்கும், களை ஒன்றுகூட இல்லாமல், கருகருவென்று கொத்திவிட்ட மண்ணில் ஆறு வரிசை முட்டைக்கோஸ். கடைசி வரிசையின் கீழிருந்து சடைப்பின்னல் கனத்துக்குப் பழுப்புச் சேறு ஓடைக்குள் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் வீடு. எங்கள் கோஸ். நாலு மாதமாக மணியம்மாவின் கையையும் பிள்ளைகளின் அடிக்கோலையும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

குடை சாய்ந்ததுகூடத் தெரியாமல் நனைந்துகொண்டே நின்று சிரித்தேன். வேறு என்ன செய்ய?

மத்தியானம் அளவைப் பார்த்துவிட்டு மணியம்மா காதோடு சொன்னாள்: "அடுத்த வாரம் தொட்டிப் போத்தல பாலத்துலயே அள்ளிட்டா போச்சு டீச்சர். யாருக்குத் தெரியப் போவுது?"

வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

19 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய் வந்தோம். மூன்று நாளாக மழை. நாளை பத்து மணிக்கு மூவரும் வருகிறார்கள்.

இருபது அடி உத்தரவு லிம்மின் உரிம நிலத்துக்குத்தான். தோட்ட நிலத்துக்கு இல்லை. சட்டப்படி லியோவை யாரும் எதுவும் கேட்க முடியாது, கூட்டரசும் சரி, மாநிலமும் சரி. கண்காட்சி சனிக்கிழமை. மேலிருந்து நாலாவது வரிசையில் ஒரு கோஸ் குழந்தை தலையைவிடப் பெரிது. அதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறார், என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். மேல் வரிசைகள் பத்திரம். கீழே மூன்று வரிசை போய்ப் புல் வந்தால் போதும்.

இன்றைக்கே சொல்லலாம். சொன்னால் கோபப்பட மாட்டார், அதுதான் சிக்கல். "சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கம்மா" என்பார். நானும் பொறுத்துக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் ஏழு மில்லிமீட்டர் என்று எழுதிவிடுவார், லாரி ஏற்பாடு தொடங்கிவிடும்.

இதை எழுதும்போது பின்கட்டில் கீர்த்தனை பாடிக்கொண்டே கோசின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார். குரல் நன்றாக இருக்கிறது இன்று.

நாளைக்கு மூன்று போத்தல் போதும் என்று மணியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். விடிந்ததும் நான் நான்காவது ஒன்றை எடுத்துப் போகப் போகிறேன். மூன்று போத்தலையும் அதனதன் இடத்தில் அள்ளச் சொல்லிவிட்டு, நான்காவதைக் கடைசி வரிசைக்குக் கீழே நானே அள்ளுவேன். ஜன்னலில், எல்லார் முன்னாலும், மற்ற மூன்றோடு நிறுத்துவேன்.

அதன்மேல் ஒட்டச் சீட்டு எழுதிவிட்டேன். இந்த நோட்டுக்குள்தான் வைத்திருக்கிறேன்:

4. கிராணி வீட்டுக் கோஸ் பாத்தி. எங்களுடையது.