நாற்பத்தோராம் நம்பர் படம்

ஓசூர்,
24-11-2025

அன்பு மகள் அனிதாவுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாக இருக்கிறீர்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். சர்க்கரை மாத்திரை தவறாமல் போடுகிறேன், முழங்கால் எப்போதும்போல் வானிலை சொல்கிறது. வாரா வாரம் வீடியோவில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், நடுவில் பிள்ளை வந்து பல் விழுந்ததைக் காட்டும், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது. இதை யாரும் குறுக்கே பேசாமல் முழுசாகச் சொல்லியாக வேண்டும். டப்ளினுக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகுமோ, சேரட்டும்.

உனக்குக் கணக்கு எடுத்த கோவிந்தப்பன் வாத்தியாரை நினைவிருக்கும். அவரும் நாலு பேரும் சேர்ந்து பழைய ஓசூர் போட்டோக்களைக் கண்காட்சியாக வைக்கப் போகிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பிள்ளைகள் அப்பா வைத்திருந்த நெகட்டிவ் பெட்டிகளை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்களாம். அதையெல்லாம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஒரு கல்யாண மண்டபத்துச் சுவரில் நம்பர் போட்டு ஒட்டி, எந்தக் கடை, எந்தத் தெரு, யார் நிற்கிறது என்று சொல்வதற்குப் பழைய ஆட்களைக் கூப்பிட்டார்கள். நம் ஹோட்டல் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருபத்தெட்டு வருஷம் இருந்ததால் எனக்கும் அழைப்பு. குடைக்கடை லால் பாஷா அண்ணனும் வந்திருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே சண்டை. சைக்கிள் கடைக்கு இந்தப் பக்கம் பூக்கடையா அந்தப் பக்கமா என்று அரை மணி நேரம். போர்டுகள் தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, அவர் எல்லாவற்றையும் படித்துக்காட்டி ஜெயித்துவிட்டார். நம் ஹோட்டல் போர்டு ஒரு படத்தில் பாதி தெரிந்தது. பாய்லர் பக்கத்தில் உன் அப்பா தோளில் துண்டோடு நிற்கிறார், என்ன முடி அவருக்கு! இந்தப் பஸ் ஸ்டாண்டையும் மேம்பாலத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதெல்லாம் வேறு ஊராகத்தான் இருந்தது. பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகம், ஒவ்வொரு ஆளையும் பேர் சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன். நாற்பது படம் வரைக்கும்.

நாற்பத்தோராம் படத்தின் உறையில் பென்சிலால் 16-12-91 என்று எழுதியிருந்தது. அந்த மாதம் காவிரிக் கலவரத்தில் பெங்களூரிலிருந்து நம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிவந்து பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பா வியாபாரத்தை நிறுத்திவிட்டு மூன்று நாள் புளிசாதம் கிண்டிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். படத்தில் அதுதான் இருக்கிறது. அப்பா அண்டாவைப் பார்த்துக் குனிந்திருக்கிறார், ஒரு கை மட்டும் பொட்டலத்தை நீட்டுகிறது. அதை வாங்குகிறவன் என் தம்பி மணிவேல். தலையில் மஃப்ளர், தாடி, எங்கள் அப்பாவைப்போலவே ஒரு பக்கம் சாய்ந்த கழுத்து. அவன் உன் அப்பாவின் முகத்தைத்தான் பார்க்கிறான். இது யாரும்மா என்று வாத்தியார் கேட்டார். தெரியலை என்று சொல்லிவிட்டேன் அனிதா. பெற்ற தாய்க்கு அடுத்தபடி அவனைத் தூக்கி வளர்த்தவள், தெரியலை என்று சொன்னேன். லால் பாஷா அண்ணன் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், வெயில் ஏறுதும்மா, ஊட்டுக்குப் போலாம் வா என்று மட்டும் சொன்னார்.

உனக்குத் தெரிந்த கதை வேறு. மாமன் பெங்களூரில் வேலை பார்த்தான், கலவரத்தில் காணாமல் போனான், அவ்வளவுதான் சொல்லி வளர்த்தேன். சொல்லாததைச் சொல்கிறேன். அவன் எங்களைக் கேட்காமல் சம்பங்கியைக் கட்டிக்கொண்டான், அவர்கள் வேறு ஆளுங்க, வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். எனக்கு ஆங்காரம். அந்த வருஷம் கார்த்திகையில் உனக்குக் காது குத்தினோம், மூன்று வயசு உனக்கு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? நான் என் பெரியப்பா மகனை உட்கார வைத்தேன். மணிவேல் பட்டுப்பாவாடையும் தோடும் தட்டில் வைத்துக்கொண்டு அவளோடு கோயில் வாசலுக்கு வந்தான். தட்டைக்கூட வாங்காமல், இனிமேல் என் வாசப்படியை மிதித்தால் நான் தூக்கில் தொங்குவேன் என்று நூறு பேர் முன்னால் கத்தினேன். நீ அங்கே காது வலியில் அழுதுகொண்டிருந்தாய். அதற்கு அப்புறம் அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை, இந்தப் படத்தில் பார்க்கிற வரைக்கும்.

கலவரம் நடந்தபோது சம்பங்கி ஜவளகிரியில் தாய்வீட்டில் இருந்தாள். கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் பதிமூன்றாம் தேதி சாயங்காலம் பெங்களூரில் மணிவேலைக் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னான். சம்பங்கி மட்டும், இல்லை, அவர் ஓசூர் வந்துட்டார், பஸ் ஸ்டாண்டில் நின்னதை எங்க ஊர் லாரி கிளீனர் பார்த்திருக்கான் என்று அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் தம்பி ஓசூர் வந்தால் என் வீட்டுக்கு வராமல் எங்கே போவான், பொய் சொல்கிறாள் என்றேன். வராதே என்று சொன்ன வாய்தான் அதையும் சொன்னது. மூன்றாம் வருஷம் நம் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது, காரியம் முடிக்காமல் சுபம் கூடாது என்று நானே முன்னின்று ஏற்பாடு செய்தேன். தென்பெண்ணைக் கரையில் தர்ப்பையால் பொம்மை செய்து அவனாகப் பாவித்துத் தீ வைத்தார்கள். சம்பங்கிக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. மாட்டேன் மாட்டேன் என்றவளைப் பிடித்து உட்கார வைத்துத் தாலியைக் கழற்ற வைத்தேன். அப்பா ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார், புகைக்காக என்று நினைத்தேன். அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்தப் பதிமூன்றாம் தேதித் திதிக்குப் படைத்து வருகிறேன். அவன் உயிரோடு இருந்த நாளுக்கு.

அப்பா அவனைப் பார்த்தாரா பார்க்கவில்லையா என்று இந்த மூன்று வாரமாக அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன். வாத்தியாரிடம் ஒரு காப்பி கேட்டு வாங்கி வந்துவிட்டேன். குனிந்திருக்கிறார், முகம் தெரியவில்லை. கூட்டத்தில் கைகளைத்தான் பார்த்திருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். நம் மனுஷர் ஒரு தடவை டீ குடித்தவனைக்கூட மறக்க மாட்டாரே என்று மறுநாள் தோன்றும். பார்த்திருந்தால் ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்கவும் எனக்கு வாயில்லை. தொங்கிவிடுவேன் என்று நான் சொன்னதை அவர் நம்பினார், அவ்வளவுதான். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது, ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார், பேசாமல் தூங்குங்கள் என்று அதட்டினேன். அவர்மேல் கோபப்படாதே, பழி முழுக்க என்னுடையது.

போன வியாழக்கிழமை தளி பஸ் பிடித்து ஜவளகிரி போனேன். சம்பங்கி ரோஜாப்பூ ஷெட்டில் பேக்கிங் வேலை செய்கிறாள். முப்பத்து நாலு வருஷத்தில் நானாக அவளைத் தேடிப் போனது அன்றைக்குத்தான். கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துப் பேசினாள். தலை முழுக்க நரை, விரலெல்லாம் முள் குத்தின கறுப்பு. படத்தைக் கொடுத்தேன். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று தயாராகப் போனேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். கையில என்ன, சோறா என்று கேட்டாள். ஆமாம், புளிசாதம் என்றேன். அன்னைக்குத் தளி ரோட்டில பஸ் ஓடல, என்னைப் பார்க்க இங்க நடந்துதான் வந்திருப்பார், காட்டு வழியில யானை இருந்த வருசம் என்றாள். கொஞ்சம் கழித்து, அப்ப பட்டினியா நடக்கல என்றாள். படத்தைச் சோற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மன்னிப்புக் கேட்க இடமே கொடுக்கவில்லை, கேட்டிருந்தாலும் எதை என்று கேட்பேன்.

திரும்பி வந்ததும் நேராக வாத்தியார் வீட்டுக்குப் போய்ப் பேரைச் சொன்னேன். உங்களுக்கு என்ன வேணும் என்றார், கூடப் பிறந்த தம்பி என்றேன். சோறு கொடுக்கிறவர் பேர் போடலாமா என்று கேட்டார், வெங்கடப்பன், என் வீட்டுக்காரர் என்று போடச் சொன்னேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அப்பா பேரை இதில் இழுத்ததற்கு நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும், அதனால்தான் உன்னைக் கேட்டுச் செய்யாமல் செய்துவிட்டு எழுதுகிறேன்.

குழந்தைக்குக் குளிரில் காதை மூடி அனுப்பு, மாப்பிள்ளையை ரொம்ப வேலை வாங்காதே, எல்லோரும் நீண்ட ஆயுசோடு ஒன்றாக இருங்கள், அது போதும் எனக்கு. ஒன்றே ஒன்று மறக்காதே. தை மாதம் வரும்போது வீட்டுக்கு வந்த மறுநாளே ஜவளகிரி போய் வா. என்னைக் கூட்டிப்போகாதே. சம்பங்கியை அத்தை என்று கூப்பிடு. உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அந்தப் பொம்பளை என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். அவள் பதில் பேசுவாளோ மாட்டாளோ தெரியாது, நீ கூப்பிடு. அவளுக்குப் பிள்ளையும் இல்லை, இந்த உலகத்தில் அவளை அந்த முறை சொல்லிக் கூப்பிட உன்னை விட்டால் ஒருத்தரும் இல்லை.

இப்படிக்கு
உன் அம்மா, மணிவேலின் அக்கா,
சரோஜம்மாள்