பார்க்காமல் கொடுத்த அனுமதி

செவ்வாய், இரவு.

ஆபீஸ் முடிந்து பெங்களூரு தொம்மலூர் டிராஃபிக்கில் நசுங்கி வந்தும் அந்தக் கொலை என்னை விடவில்லை. நான் எழுதும் அறிவியல் கதையில், வீட்டுக்காரர் அனுமதிக்காமல் கதவு திறக்காது. ஆனாலும் உள்ளே அவருடைய பிணம் கிடக்கிறது.

சாயங்காலம் என் மனைவி கவிதா படித்துவிட்டு, "அவ்வளவு புத்திசாலிக் கதவுன்னா, கொலைகாரன் எப்படிங்க உள்ள வந்தான்?" என்றாள். எரிச்சலாக இருந்தது. அடுத்த நூற்றாண்டுக் கதவை ஏமாற்ற அடுத்த நூற்றாண்டுக் கருவி வேண்டும் என்று விளக்கினேன். நடுவில், வந்தவரை உள்ளே விடலாமா என்று அபார்ட்மென்ட் கேட்டிலிருந்து போனில் அறிவிப்பு வந்தது. வழக்கம்போல 'அனுமதி'யை அழுத்திவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன்.

"யாரு வந்திருக்கா?"

"பார்க்கல. டெலிவரியா இருக்கும்."

"நான் எதுவும் ஆர்டர் பண்ணலையே."

நானும் பண்ணவில்லை. கீழே செக்யூரிட்டிக்குப் போன் செய்தேன். "யாரோ ஒருத்தர் சார். நீங்கதானே ஓகே கொடுத்தீங்க?" என்றார்.

கதைக்கு விடை கிடைத்துவிட்டது. கருவி எதுவும் வேண்டாம், செத்தவரே அனுமதித்திருக்கிறார். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. வந்தவர் இதுவரை எங்கள் காலிங் பெல்லை அடிக்கவில்லை. தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.